திரும்பி வந்த மூன்று கிலோ

மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. படித்து முடித்ததும்தான், உன் கணவனான என் தம்பி கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் உன்னால் பேசியிருக்க முடியாது என்று புரிந்தது. 86 கிலோவிலிருந்து 74க்கு இறங்கியவன் இப்போது 77இல் நிற்கிறான், மூன்று வாரமாக எடை மெஷின் பக்கமே போவதில்லை, இன்னொரு தோசை வைத்தாலும் கோபம், வைக்காவிட்டாலும் கோபம் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் "நான் எதில் குறை வைத்தேன் அக்கா" என்று கேட்டிருக்கிறாய்.

நீ எதிலும் குறை வைக்கவில்லை. அவனும் சோம்பேறி ஆகிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் உட்கார்ந்து இதே கணக்கைச் சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். எடை குறைப்பவர்கள் நிறையப் பேர். குறைத்ததைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் முன்னமே சொல்வதில்லை. பன்னிரண்டு கிலோ இறங்கியபோது ஊரே தம்பியைப் பாராட்டியது, டாக்டரும் கை கொடுத்தார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது அவனுக்குச் சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகப் போகிறது. பொறுமையாகப் படி.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எடை குறையும்போது உடம்பு அதைப் பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. 74 கிலோ ஆரோக்கியம், 86 கிலோ ஆபத்து என்று அதற்குத் தெரியாது. இருந்தது போய்விட்டது என்பது மட்டும்தான் தெரியும், போனதைத் திரும்பக் கொண்டுவர அது பாடுபடும். மெல்போர்னில் பிரியா சுமித்ரனும் அவருடன் இருந்தவர்களும் 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐம்பது பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடையை இறக்கினார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் போன்ற ஹார்மோன்கள் குறைந்தன, பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு வருடம் கழித்தும், பாதிக்கு அருகில் எடை திரும்பி வந்த பிறகும், அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த உடம்பு பசியோடே இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அந்தப் பசியை அளந்தே பார்த்தார். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு செலவழிப்பது நாளைக்கு இருபது முப்பது கலோரி குறைகிறதாம். பசியோ ஏறக்குறைய நூறு கலோரி கூடுகிறதாம். தம்பி இழந்த பன்னிரண்டு கிலோவுக்குப் பெருக்கிப் பார். எடையை இறக்கிய எட்டு மாதமும் அவன் எதை எதிர்த்து நின்றான் என்று உனக்கே தெரியும். இராத்திரி பத்து மணிக்கு அவன் நிலக்கடலை டப்பாவைத் திறப்பதைப் பார்த்து "மனசு கட்டுப்பாடே இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவனிடம் அதைச் சொல்லவே சொல்லாதே.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே மண்டி மொஹல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அது மிஷன் ஆஸ்பத்திரி. 1934இலிருந்து அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் நர்சுகள் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அறுபது வருடம் கழித்து, இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து வந்த கேரலைன் ஃபாலும் இங்குள்ள டாக்டர்களும் அந்தப் பேரேட்டை வைத்துக்கொண்டு, அப்படிப் பிறந்தவர்களை இதே மைசூரின் தெருக்களில் தேடிக் கண்டுபிடித்துச் சர்க்கரை பார்த்தார்கள். பிறக்கும்போது நீளம் குறைந்து சதைப்பற்றாக இருந்தவர்களுக்கும், அம்மா எடை கூடியவராக இருந்தவர்களுக்கும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் அதிகம் வந்திருந்தது. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் தெரியுமா? நம் உடம்பின் கணக்கு நாம் சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை. தம்பிக்கு அது தலையெழுத்து என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவன் வெறுங்கையோடு ஆரம்பிக்கவில்லை, சுமையோடுதான் ஆரம்பித்தான். அப்படிப்பட்டவன் 77இல் நிற்பது 86இல் நிற்பதைவிட எவ்வளவோ மேல். ஒன்பது கிலோ இன்னும் அவன் கையில் இருக்கிறது கண்ணு. மூன்று திரும்பியதையே பார்த்துக்கொண்டு அந்த ஒன்பதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

சரி, காப்பாற்றியவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது பதின்மூன்றரை கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அதைக் காத்தவர்கள்தான் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்கள் குறைத்த வழி ஆளுக்கு ஒன்று. காத்த வழியில்தான் ஒற்றுமை இருந்தது. பெரும்பாலோர் தினம் ஒரு மணி நேரம் அளவுக்கு உடலை அசைத்தார்கள், பெரும்பாலும் நடை. காலை உணவை விடவில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்த்தார்கள். டிவி முன்னால் குறைவாக உட்கார்ந்தார்கள். தாமாக வந்து பெயர் கொடுத்தவர்களின் கணக்கு இது, அதனால் இவை செய்தாலே போதும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதில் எனக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு. இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று தாண்டியவர்களுக்கு அதற்குப் பிறகு காப்பது எளிதாகியிருக்கிறது. தம்பி இன்னும் அந்த இரண்டு வருடத்துக்குள் இருக்கிறான். கடினமான பகுதியே இதுதான்.

எடை மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே ரீனா விங் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஏற்கெனவே எடை குறைத்த 314 பேர், பதினெட்டு மாதம். ஒரு பகுதியினருக்கு வெறும் கடிதம் மட்டும் வந்தது. மற்றவர்களுக்கு, தினம் எடை பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளக் கற்றுக் கொடுத்தார்கள், சிலருக்கு இணையத்தில், சிலருக்கு நேரில் கூட்டி வைத்து. எடைக்கு நிறம் வைத்தார்கள். காக்க வேண்டிய எடையிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் என்றால் பச்சை, அப்படியே தொடரலாம். அதைத் தாண்டினால் மஞ்சள், எங்கே நழுவுகிறது என்று பார்த்துச் சரி செய்ய வேண்டும். இரண்டேகால் கிலோவுக்கு மேல் போனால் சிவப்பு, குறைக்கும்போது செய்ததையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். கடிதம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்கு எடை அந்தச் சிவப்பு அளவுக்கு ஏறியது. நேரில் கூடியவர்களில் நாற்பத்தாறு பேருக்குத்தான். பாதிப் பேர் தப்பித்தார்கள் என்பதே இந்த விஷயத்தில் பெரிய வெற்றி.

தம்பி நிற்பது சிவப்பில். இதைச் சொன்னால் அவன் பயப்படுவான் என்று நினைக்காதே, பயம் தெளியும். இப்போது அவனுக்கு மூன்று கிலோ என்றால் எல்லாம் போயிற்று என்று அர்த்தம். சிவப்பு என்றால், செய்ய வேண்டியது இன்னது என்று அர்த்தம். அவன் எட்டு மாதம் செய்து பழகிய வேலைதான், ஐந்தாறு வாரம் திரும்பச் செய்தால் மஞ்சளுக்கு வந்துவிடுவான்.

தினம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். அது பெரும்பாலும் உப்பும் சோறும் பிடித்து வைத்த தண்ணீர், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால் ஒருநாள் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்துப் பார்க்க வேண்டும். கடைக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது பெரிய காரியமா? காலையில், பல் துலக்கிய பிறகு, தனியாக. நீ பக்கத்தில் நிற்க வேண்டாம். எவ்வளவு என்று கேட்கவும் வேண்டாம். சிலருக்குத் தினம் எடை பார்ப்பதே மனதைக் குத்தும். அவனுக்கு அப்படி இருந்தால் வாரம் ஒருமுறை போதும், கூடவே மாதம் ஒரு தடவை இடுப்பை டேப்பால் அளக்கட்டும். நம் ஆட்களில் ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தம்பிக்குத் தனி அடுப்பு, பிள்ளைகளுக்குத் தனி அடுப்பு என்று நீ படும் பாட்டை எழுதியிருக்கிறாய். அதை நிறுத்து. தனித் தட்டில் தனிச் சாப்பாடு சாப்பிடுகிறவன் தினமும் மூன்று வேளை தன்னை நோயாளி என்றே நினைத்துக்கொள்வான், நீயும் ஓய்ந்து போவாய். வீட்டுக்கு ஒரே சமையல். நம் பக்கத்துச் சமையலில் இதற்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, முட்டை, மீன், வாரம் ஒருநாள் கோழி. பருப்பும் பயறும் முட்டையும் தட்டில் கூடினால் பசி தள்ளிப் போகும், எடை குறையும்போது கூடவே தசை கரைவதும் ஓரளவு குறையும். தட்டில் முதலில் காய் விழட்டும், பிறகு பருப்பு, கடைசியில் சோறு. அரிசிம்பருப்புச் சோறு அவனுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தாதே, பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்து ஆக்கு. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, உன் வீட்டுக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று ஒருமுறை பார். இங்கே மைசூரில் களியை உருட்டிய இராகி முத்தையும் கீரைச் சாறும் சாப்பிடுகிறார்கள், நானும் பழகிவிட்டேன். அதற்காக இராகி சாப்பிட்டால் எடை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. முத்தை எத்தனை, எவ்வளவு பெரிது என்பதில்தான் இருக்கிறது.

அவன் சறுக்குவது சாப்பாட்டு வேளையில் இல்லை என்று உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. மத்தியானம் கடையை விட்டு எழ முடியாமல் மூன்று மணிக்கு அவசரமாகச் சாப்பிடுகிறான், ஆறு மணிக்குக் கடைப் பையன் வடையும் டீயும் வாங்கி வருகிறான், இராத்திரி பத்து மணிக்குக் கடலை. மூன்றும் ஒரே சங்கிலி. மத்தியானச் சாப்பாடு ஒன்றரைக்குக் கடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி அடங்கிவிடும். ஆறு மணிக்கு அவித்த கடலையோ சுண்டலோ டப்பாவில் இருக்கட்டும். வீட்டில் கண்ணுக்குப் படும் இடத்தில் பலகாரம் வைக்காதே. யாரையும் திட்டாமல், யாரிடமும் எதையும் பிடுங்காமல் செய்யக்கூடிய காரியங்கள் இவைதான்.

நடையைப் பற்றி. காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குப் போனால் இந்த ஊரின் பாதி வயசானவர்களைப் பார்க்கலாம். அங்கே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர், பல வருடங்களாக எடையை அப்படியே வைத்திருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "நான் வராவிட்டால் ஆறரைக்குப் போன் வந்துவிடும் அம்மா" என்பார். நாலைந்து பேர் கொண்ட கூட்டம் அது. யாரும் எடையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அரசியல், மகன் வேலை, கபினியில் தண்ணீர் எவ்வளவு என்றுதான் பேச்சு. தம்பிக்குக் கோபியில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். வாய்க்கால் கரையில் நடக்கிறவர்கள் இருப்பார்கள். உன்னோடு நடக்கச் சொல்லாதே. நீ நடப்பதாக இருந்தால் உனக்காக, உன் தோழிகளோடு நட. உன் நடை அவனைக் கண்காணிக்கும் வேலையாகிவிடக் கூடாது. அவனுக்கு நாற்பத்தெட்டு ஆகிறது, நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கும் ஏதாவது வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, அவ்வளவு போதும்.

உன் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து ஊசி போடச் சொன்னதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எடை குறைக்கும் அந்த ஊசிகளான மௌஞ்சாரோவும் வெகோவியும் 2025இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன, இங்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல மருந்து. அதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெகோவியில் உள்ள மருந்தை நிறுத்திவிட்டு ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஊசியால் இறங்கினாலும் காக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. தம்பிக்கு அது வேண்டுமா என்று அவனுடைய டாக்டர் சொல்லட்டும். உறவுக்காரர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது இல்லை.

உறவுக்காரர்கள் என்றதும் எனக்குக் கொதிக்கிறது. நம் ஊரில் ஒரு ஆம்பளை இளைத்தால் முதலில் கேட்பது "ஏனுங்க, சுகர் வந்துடுச்சா?" என்றுதானே. தம்பி 74இல் இருந்தபோது கல்யாண வீடுகளில் இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! முகம் ஒட்டிப் போச்சு, வேட்டி நிற்கலை, ஒப்புட்டு இன்னொன்று வை என்று இலையில் தள்ளுவது. மூன்று கிலோ கூடியதும் அதே வாய்கள் "பழையபடி ஆயிட்டியே" என்கின்றன. எட்டு மாதம் தனியாக நின்று ஒரு காரியம் செய்தவனை இப்படி இரண்டு பக்கமும் அடித்தால் அவன் எங்கே போவான்? எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளத்தான் செய்வான்.

அதில் நம் அம்மாவும் ஒருத்தி. அவள் "என் பையன் பட்டினி கிடக்கிறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதும், நீ எழுந்து போனதும் நெய் ஊற்றுவதும் எனக்குத் தெரியும். அதற்கு நீ அவளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மருமகள் சொன்னால் அது சண்டை, மகள் சொன்னால் பேச்சு. நான் பேசுகிறேன். அப்பாவின் கால் விரலை எடுத்த வருடத்தை அவளுக்கு நினைவுபடுத்தினால் போதும்.

மறக்காமல் சர்க்கரையையும் பார்க்கச் சொல். அவன் எடை குறைக்க ஆரம்பித்ததே மூன்று மாதச் சர்க்கரை 6.3 வந்ததால்தான். அது 5.7க்கு வந்தது. மூன்று கிலோ கூடியதால் அது என்ன ஆனது என்று எடுத்துப் பார்க்கட்டும், பெரும்பாலும் அவன் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. உணவும் நடையும் மாற்றிக்கொண்டவர்களில் சர்க்கரை நோய் வருவது நூற்றுக்கு இருபத்தெட்டு பங்கு குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை! எண் நின்றுவிட்ட வாரங்களிலும் நடை அவனுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இதை நீ சொல்வதைவிட நான் சொன்னால் கேட்பான்.

ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இரண்டரை வருடம் பின்தொடர்ந்த ஒரு அமெரிக்க ஆய்வும் உண்டு, 2008இல் வந்தது. எடை குறைத்த பிறகு தாமாகப் பார்த்துக்கொள்ள விடப்பட்டவர்களுக்கு ஐந்தரை கிலோ திரும்பியது. மாதம் ஒருமுறை ஒருவர் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசியவர்களுக்கு நான்கு கிலோ. வித்தியாசம் ஒன்றரை கிலோதான், சிறியதுதான். ஆனால் பத்து நிமிடப் போன் பேச்சுக்கு ஒன்றரை கிலோ என்றால் அதை ஏன் விட வேண்டும்? அந்தப் பேச்சு மனைவியிடமிருந்து வரக்கூடாது என்பது என் எண்ணம். தினம் சோறு போடுகிறவளே கணக்கும் கேட்டால் வீடு ஆபீஸ் ஆகிவிடும்.

அதனால் இப்படிச் செய்வோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இராத்திரி எட்டு மணிக்கு நான் தம்பியைக் கூப்பிடுகிறேன். அந்த மாதத்தின் சராசரி எடை, நடந்த நாட்கள், எங்கே நழுவியது என்று அவன் எனக்குச் சொல்லட்டும். நீ அந்த நேரத்தில் பிள்ளைகளோடு எங்காவது போய்விட்டு வா. நீ இனி அவனிடம் எடையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், தட்டைப் பார்க்க வேண்டாம், தோசையை எண்ண வேண்டாம். ஒரே சமையல், ஒன்றரை மணிக்கு மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான் உன் பங்கு. மற்றது அவனுடையதும் என்னுடையதும்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை லீவு இருக்கிறது. சாம்ராஜ்நகர், திம்பம் வழியாகப் பஸ்ஸில் வருகிறேன், மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடுவேன். அம்மாவிடம் நேரில் பேசிவிடுகிறேன். அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருக்கும் மெஷினை எடுத்து, பேட்டரி மாற்றி, குளியலறைப் பக்கத்தில் வைத்துவிடு. அவனிடம் ஒன்றும் சொல்லாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா